பூனைக்குப் பச்சைக் கறி: எப்படித் தொடங்குவது, எங்கே நிறுத்துவது

பூனைக்குப் பச்சைக் கறி கொடுக்கலாமா என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே கொடுக்கத் தொடங்கியிருப்பார்கள். கறி நறுக்கும்போது காலைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தியதற்கு ஒரு துண்டு விழுந்திருக்கும். அதைக் கவ்விக்கொண்டு மேசைக்கு அடியில் ஓடி, உறுமிக்கொண்டே தின்றதைப் பார்த்ததும், "இதற்குப் போய் இத்தனை நாளாகப் பால் சாதம் பிசைந்து போட்டோமே" என்று தோன்றியிருக்கும். அந்த எண்ணம் பாதி சரி. பூனை முழுக்க முழுக்க ஊன் உண்ணி. சோறு அதன் வயிற்றை நிரப்புமே தவிர, உடம்புக்கு வேண்டியதைத் தராது. மீதிப் பாதியில்தான் சிக்கல் இருக்கிறது. தோலுரித்து, எலும்பு நீக்கிக் கடையில் வாங்கும் கறி பூனையின் இரை அல்ல, இரையில் ஒரு பகுதி மட்டுமே.

எலியைப் பிடிக்கும் பூனை அதன் தொடையை மட்டும் தின்றுவிட்டு எழுந்து போவதில்லை. எலும்பு, ஈரல், இதயம், மூளை, ரத்தம் எல்லாம் சேர்ந்தே உள்ளே போகின்றன. எலும்பில்லாத கறி 100 கிராமில் கால்சியம் 10 முதல் 20 மில்லிகிராம்தான் இருக்கும். பாஸ்பரஸ் 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். பூனைக்கு இவை இரண்டும் ஏறக்குறைய சம அளவில் வேண்டும், கால்சியம் ஒரு பிடி கூடுதலாகவே இருக்கலாம். வெறும் கறியை மட்டும் மாதக்கணக்கில் கொடுத்தால், ரத்தத்தில் குறையும் கால்சியத்தை உடம்பு தன் எலும்பிலிருந்தே கரைத்து எடுத்துக்கொள்ளும். குட்டிகளில் இது வேகமாக வெளிப்படும். கட்டிலிலிருந்து குதித்ததற்கே கால் எலும்பு முறிந்துபோகும்.

இன்னொன்று டாரின். இந்த அமினோ அமிலத்தைப் பூனையின் உடல் தேவையான அளவுக்குத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. இது குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும் என்பது 1970களிலேயே தெரிந்துவிட்டது. 1987இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியன் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும், பூனைகளுக்கு இதயத் தசை தளர்ந்து வரும் ஒரு நோய்க்கும் டாரின் குறைவே காரணம் என்று காட்டினார்கள். அந்தப் பூனைகள் தின்றது பாக்கெட் உணவு. அதன் பிறகுதான் உற்பத்தியாளர்கள் டாரின் அளவைக் கூட்டினார்கள். இன்று கடையில் கிடைக்கும் தரமான பூனை உணவில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் அதை நிறுத்திவிட்டு வீட்டுக் கறிக்கு மாறுபவர் அந்தக் கவலையைத் தன் தலைமேல் எடுத்துப் போட்டுக்கொள்கிறார்.

ஆகவே இந்த வழிகாட்டி பூனையை முழுவதுமாகப் பச்சைக் கறிக்கு மாற்றுவதைப் பற்றியது அல்ல. சமச்சீரான உணவு ஒன்றைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே, ஒரு நாளுக்கான உணவில் பத்தில் ஒரு பங்குவரை பச்சைக் கறி சேர்ப்பது எப்படி என்பதைப் பற்றியது. அந்த அளவுவரை கால்சியம், டாரின் கணக்கு எதுவும் பெரிதாகக் கெடாது. புதிதாகத் தொடங்குபவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

முதலில், யார் தொடங்கக் கூடாது

வீட்டில் கர்ப்பிணி, கைக்குழந்தை, முதியவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர் என்று யாராவது இருந்தால் பச்சைக் கறி வேண்டாம். பூனைக்கு ஒன்றும் ஆகாமலேயே அதன் வாயிலிருந்தும் மலத்திலிருந்தும் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் வீட்டில் பரவலாம். பூனை தட்டை நக்குகிறது, பிறகு தன் உடம்பை நக்குகிறது, பிறகு குழந்தையின் போர்வையில் போய்ப் படுக்கிறது. இந்தச் சங்கிலியை எந்தச் சோப்பாலும் முழுதாக அறுக்க முடியாது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012 முதல் வீட்டு விலங்குகளுக்குப் பச்சை இறைச்சி கொடுப்பதை ஊக்குவிக்க வேண்டாம் என்று சொல்லிவருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூனையின் பக்கத்திலும் சில தடைகள் உண்டு. ஒரு வயது நிறையாத குட்டி, சினையாக இருக்கும் பூனை, சிறுநீரகக் கோளாறு உள்ளது, ஸ்டீராய்டு மருந்தில் இருப்பது, எதிர்ப்பு சக்தியைத் தின்னும் வைரஸ் தொற்று உள்ளது ஆகியவற்றுக்கு வேண்டாம். ஏழு வயதைத் தாண்டிய பூனையாக இருந்தால் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்து சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். எதுவானாலும் கால்நடை மருத்துவரிடம் எடை போட்டு, பூச்சி மருந்து கொடுத்த தேதியைக் குறித்துக்கொண்டு வாருங்கள். பச்சைக் கறி தின்னும் பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுப்பது வழக்கம்.

ஃப்ரீசர் எதைக் கொல்லும், எதைக் கொல்லாது

இந்தப் பகுதியை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள். "உறையவைத்துக் கொடுத்தால் எந்தப் பயமும் இல்லை" என்று சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். அது ஒட்டுண்ணிகளுக்கு மட்டும்தான் பொருந்தும்.

ஆட்டுக்கறியின் சதைக்குள் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி சிறு கூடுகளாக இருக்கலாம். நாடாப்புழுவின் கூடுகளும் இருக்கலாம். மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே ஒரு வாரம் முழுதாக உறைந்து கிடந்தால் இவை பெரும்பாலும் செத்துவிடும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் இருக்கும் ஐஸ் பெட்டி பல வீடுகளில் மைனஸ் 18ஐத் தொடுவதே இல்லை. அடிக்கடி கதவு திறக்கும் வீட்டில் அது இன்னும் மோசம். ஃப்ரீசருக்குள் வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்று வாங்கி உள்ளே ஒரு நாள் வைத்துப் பாருங்கள். அந்த எண் எட்டவில்லை என்றால் நீங்கள் கறியைப் பாதுகாக்கிறீர்கள், அவ்வளவுதான், ஒட்டுண்ணியைக் கொல்லவில்லை.

பாக்டீரியா வேறு கதை. சால்மோனெல்லா, ஈ.கோலை, லிஸ்டீரியா எல்லாம் உறைந்த கறியில் தூங்கும், உருகியதும் விழித்துக்கொள்ளும். மஞ்சள் தடவுவது, உப்புத் தண்ணீரில் அலசுவது, வினிகரில் ஊறவைப்பது எல்லாம் நம் மனத் திருப்திக்குத்தான். குழாயடியில் கறியைக் கழுவினால் கிருமி போகாது. தெறிக்கும் நீரோடு பக்கத்தில் உள்ள பாத்திரங்களுக்கும் அது பரவும்.

மூன்றாவது வைரஸ். பறவைக் காய்ச்சலை உண்டாக்கும் எச்5என்1 பூனை இனத்துக்குப் பொல்லாதது. 2004இல் தாய்லாந்தின் ஸ்ரீராச்சா புலிப் பூங்காவில் பச்சைக் கோழி தின்ற புலிகளிடையே இது பரவி, அங்கிருந்த 441 புலிகளில் 147 இறந்தன அல்லது கருணைக் கொலை செய்யப்பட்டன. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உறைந்த பச்சை வான்கோழி உணவைத் தின்ற வீட்டுப் பூனை ஒன்று இதே வைரஸால் இறந்தது. உறைநிலை வைரஸை ஒன்றும் செய்யவில்லை. அதே மாதக் கடைசியில் நாக்பூரின் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இறந்தன. பரிசோதனையில் பறவைக் காய்ச்சல் உறுதியானது.

இதனால் நான் வைத்திருக்கும் விதி எளிது. கோழி, வாத்து, காடை எதுவானாலும் வேகவைத்துத்தான் கொடுப்பேன். பச்சையாகக் கொடுப்பது ஆட்டுக்கறி அல்லது மாட்டுக்கறி, அதுவும் ஒரு வாரம் உறையவைத்த பிறகு. பிராய்லர் மலிவு, எங்கும் கிடைக்கும், பூனைக்கும் பிடிக்கும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் ஒட்டுண்ணிக்கு ஃப்ரீசர் இருக்கிறது. பறவைக் காய்ச்சலுக்கு அடுப்பைத் தவிர வேறு வழியில்லை. பன்றிக்கறியையும் பச்சையாகக் கொடுக்காதீர்கள். பன்றிகளிடம் இருக்கக்கூடிய ஆஜெஸ்கி என்ற வைரஸ் நோய் பூனைக்குத் தொற்றினால் பிழைக்காது.

கடையில்

"பூனைக்கு" என்று சொல்லி வாங்காதீர்கள். சொன்னால் காலையிலிருந்து ஓரமாகக் கிடந்த வெட்டுமிச்சம்தான் பொட்டலத்தில் வரும். வீட்டுக்கு வாங்குவதுபோலவே, கடை திறந்ததும் வெட்டிய ஆட்டின் தொடைக்கறியில் எலும்பில்லாத ஒரே துண்டாகக் கால் கிலோ கேளுங்கள். கொத்துக்கறி வேண்டாம். கிருமி பெரும்பாலும் கறியின் மேற்பரப்பில்தான் இருக்கும். கொத்தும்போது அது உள்ளே எல்லாம் கலந்துவிடும். மேலும், அந்த இயந்திரத்திலோ கட்டையிலோ சற்று முன்னால் கோழி கொத்தியிருப்பார்கள்.

முடிந்தால் ஆட்டு இதயம் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். ஓயாமல் உழைக்கும் தசை என்பதால் டாரின் அதில் நிறைய உண்டு. பலர் அதைச் சமைக்க விரும்புவதில்லை என்பதால் விலையும் குறைவாகவே இருக்கும். கொழுப்பை நீக்கி, ரத்தக் கட்டிகளை எடுத்துவிட்டால் போதும்.

ஈரலைப் பூனைகள் விழுந்தடித்துத் தின்னும். அதனாலேயே அளவோடு நிறுத்த வேண்டும். ஈரலில் நிறைய இருக்கும் வைட்டமின் ஏ உடம்பில் தேங்கும். நாள்தோறும் ஈரலே தின்று பழகிய பூனைகளுக்குக் கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்து, தன் முதுகைத் திரும்பி நக்கக்கூட முடியாமல் போவது கால்நடை மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட நோய். வாரத்துக்கு ஒருமுறை, ஒரு தேக்கரண்டி. அதுவும் பாக்கெட் உணவே முக்கிய உணவாக இருக்கும் பூனைக்குக் கட்டாயமில்லை. அதில் வைட்டமின் ஏ ஏற்கெனவே இருக்கிறது.

கடையிலிருந்து வீடு வரும் நேரமும் கணக்கில் சேரும். நம் ஊர் மே மாத வெயிலில் கறியை வண்டியில் மாட்டிக்கொண்டு இன்னும் இரண்டு வேலையை முடித்துவிட்டு வராதீர்கள். 32 டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்கும்போது பச்சை இறைச்சி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது என்பது மனிதர்களின் உணவுக்கே சொல்லப்படும் விதி.

வீட்டில் வந்ததும்

பூனைக்கென்று ஒரு கத்தி, ஒரு வெட்டுப் பலகை தனியாக வையுங்கள். கறியைக் கழுவாமல், ஈரத்தைக் காகிதத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, விரல்நுனி அளவுத் துண்டுகளாக நறுக்குங்கள். ஒரு வேளைக்கு ஆகும் அளவை ஒரு சிறு பொட்டலமாகக் கட்டி, தட்டையாக அமுக்கி, தேதி எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் உருகும். ஒரே பெரிய கட்டியாக உறையவைத்து, தினமும் கொஞ்சம் உருக்கி மீதியை மறுபடியும் உள்ளே வைப்பதுதான் செய்யவே கூடாதது. மின்சாரம் நாலைந்து மணி நேரம் போய்க் கறி முழுதாக உருகிவிட்டது, ஆனால் இன்னும் சில்லென்று இருக்கிறது என்றால் அன்றே வேகவைத்துவிடுங்கள். சில்லிப்பும் போய்விட்டதென்றால் குப்பையில் போடுங்கள். கால் கிலோ கறியை மிச்சம் பிடிக்கப்போய் மருத்துவருக்கு அதைப்போல் பல மடங்கு கொடுக்க வேண்டாம்.

ஒரு வாரம் கழிந்த பொட்டலத்தை முந்தைய இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு கிண்ணத்துக்குள் வைத்து உருகவிடுங்கள். சமையல் மேடையில் வைத்து உருக்காதீர்கள்.

எவ்வளவு கொடுப்பது

நான்கு கிலோ எடையுள்ள, வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி தேவைப்படும். அதில் பத்தில் ஒரு பங்கு 20 கலோரி. கொழுப்பு நீக்கிய கறியில் அது ஏறத்தாழ 15 முதல் 20 கிராம். கையில் வைத்துப் பார்த்தால் "இவ்வளவுதானா" என்றிருக்கும். இவ்வளவுதான். அதைக் கொடுக்கும் நாளில் உலர் உணவில் ஐந்தாறு கிராம் குறைத்துவிடுங்கள். இல்லையென்றால் பூனை சத்தமில்லாமல் குண்டாகும். சமையலறைத் தராசு ஒன்று இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். கண்ணளவு என்பது அன்பின் பக்கமே சாயும்.

முதல் பத்து நாள்

தொடங்கும் முன் ஒரு மாற்றம் தேவை. கிண்ணத்தில் உலர் உணவு நாள் முழுக்கக் கிடக்கும் வீட்டில் பூனைக்குப் பசி என்பதே வராது. பசிக்காத பூனை புது உணவைத் திரும்பியும் பார்க்காது. ஒரு வாரம் முன்பிருந்தே உணவைக் காலை, மாலை, இரவு என்று மூன்று வேளையாக்கி, அரை மணி நேரத்தில் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். ஆனால் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். நாய்க்கு அது சரிப்பட்டு வரலாம். பூனை, அதிலும் குண்டுப் பூனை, இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்பின் கொழுப்பு ஈரலில் போய் அடைத்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். 24 மணி நேரம் எதையும் தொடவில்லை என்றால் பிடிவாதத்தை விட வேண்டியது நீங்கள்தான்.

முதல் நாள் புளியங்கொட்டை அளவில் ஒரே ஒரு துண்டு. பொட்டலத்தை மூடியபடியே வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் வைத்துக் குளிர்ச்சியைப் போக்குங்கள். பிடித்த இரை சூடாகத்தான் இருக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வரும் கறியைப் பல பூனைகள் முகர்ந்துவிட்டு விலகும், சில அவசரமாக விழுங்கிவிட்டு அப்படியே கக்கும். மைக்ரோவேவில் சூடாக்க வேண்டாம். ஓரம் வெந்து நடு உறைந்தே இருக்கும்.

எவர்சில்வர் தட்டில் வைத்துக் கொடுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். அதன் கீறல்களில் கிருமி தங்கும். தட்டுக்கு அடியில் கழுவக்கூடிய விரிப்பு ஒன்றைப் போடுங்கள். கறித்துண்டைத் தட்டிலேயே தின்னும் பூனை அரிது. இழுத்துக்கொண்டு போய்ப் பாயிலோ சோபாவிலோ வைத்துத் தின்னும். ஆகவே முதல் சில நாட்களுக்குக் குளியலறை போல எளிதில் கழுவக்கூடிய இடத்தில் கதவைச் சாத்திக் கொடுப்பது புத்திசாலித்தனம். இருபது நிமிடத்தில் தின்னாமல் மிச்சம் வைத்ததை எடுத்து எறிந்துவிடுங்கள்.

அதே அளவை மூன்று நாள் தொடருங்கள். எந்தக் கோளாறும் இல்லையென்றால் இரண்டு துண்டு, அடுத்த மூன்று நாளில் நான்கு துண்டு என்று ஏற்றி, பத்தாவது நாள் வாக்கில் 15 கிராமைத் தொடலாம். இந்தப் பத்து நாளும் ஒரே விலங்கின் கறியாக இருக்கட்டும். ஆடு, மாடு, இதயம், ஈரல் என்று ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் காட்டினால், வயிற்றுப்போக்கு வந்தால் எதனால் வந்தது என்றே தெரியாது.

திரும்பிப் பார்க்காத பூனை

சிறு வயதிலிருந்து உலர் உணவு மட்டுமே தின்ற பூனைக்கு, பச்சைக் கறி உணவாகவே தெரியாது. கோபிக்காதீர்கள். உலர் உணவு நாலைந்து உருண்டையைப் பொடித்துக் கறியின்மேல் தூவுங்கள். அதுவும் உதவவில்லை என்றால் சூடான தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் இரு பக்கமும் சில நொடிகள் வாட்டுங்கள். வாசனையும் எழும், மேற்பரப்புக் கிருமியும் ஓரளவு குறையும். பிறகு வாட்டும் நேரத்தை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வரலாம்.

அல்லது குறைக்காமலே விட்டுவிடலாம். இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: பச்சையாகக் கொடுத்தால்தான் நன்மை என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கறியைக் கொஞ்சம் நீரில், இளஞ்சிவப்பு மறையும்வரை வேகவைத்து, அந்த நீரையும் சேர்த்தே கொடுத்தால் பூனைக்குக் கிடைக்க வேண்டியதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். டாரின் நீரில் கரையும் பொருள் என்பதால்தான் அந்த நீரைக் கொட்டக் கூடாது. உப்பு, மசாலா எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிப் போட்ட கறியும் இந்தக் கணக்கில்தான் வரும். வேகவைத்த கறி தின்று நலமாக இருக்கும் பூனையைப் பச்சைக்கு மாற்றியே தீர வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை.

மணல்தட்டில் பார்க்க வேண்டியவை

கறி சேர்ந்தபின் மலம் சற்றுக் குறைந்து, நாற்றமும் குறைவதாகப் பலர் கவனிக்கிறார்கள். பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் பெரிய மாற்றம் இருக்காது. ஒருநாள் இளகிப் போனால் கறியை நிறுத்தி, பழைய உணவை மட்டும் கொடுத்துப் பாருங்கள். சரியானபின் பாதி அளவில் மறுபடி தொடங்கலாம். ரத்தம் கலந்திருந்தால், இரண்டு நாளுக்கு மேல் போக்கு நிற்கவில்லை என்றால், காய்ச்சலோடு சுருண்டு படுத்தால் காத்திருக்க வேண்டாம்.

மணல்தட்டைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். டாக்ஸோபிளாஸ்மா முதன்முதலாகத் தொற்றிய பூனை, மூன்று வாரம்வரை அதன் முட்டைக்கூடுகளை மலத்தில் வெளியேற்றும். அவை வெளியே வந்து ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் கழித்தே பிறருக்குத் தொற்றும் நிலையை அடைகின்றன. அன்றைய மலத்தை அன்றே எடுத்துவிடுபவருக்கு ஆபத்து மிகக் குறைவு. கையுறை போட்டுக்கொண்டு, முடித்ததும் சோப்பால் கை கழுவுங்கள்.

மீனும் எலும்பும்

கடலோர ஊர்களில் கறியைவிட மீன்தான் எளிது. மத்தியும் நெத்திலியும் வாங்கும்போது நாலைத் தூக்கிப் பூனைக்குப் போடுவது நம் பழக்கம். எப்போதாவது என்றால் பாதகமில்லை. தினமும் பச்சை மீன் என்றால் வேறு கதை. இவற்றைப் போன்ற பல மீன்களில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1ஐச் சிதைத்துவிடும். அந்தச் சத்து தீர்ந்த பூனை முதலில் உணவை மறுக்கும், பிறகு தலையைத் தூக்க முடியாமல் கழுத்து மார்பை நோக்கி மடங்கும், தள்ளாடும், வலிப்பு வரும். வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். ஆகவே மீன் எப்போதும் வெந்தே இருக்கட்டும். கருவாடு வேண்டவே வேண்டாம், உப்பு மிக அதிகம்.

வெந்த எலும்பை ஒருபோதும் போடாதீர்கள்; வெந்தது கூராகச் சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். பச்சை எலும்பு மென்மையானது என்றாலும் பூனை கடிக்கும் அளவில் இருக்கும் எலும்பு கோழிக் கழுத்தும் இறக்கை நுனியும்தான். கோழியைப் பச்சையாகக் கொடுக்கக் கூடாது என்று மேலே சொல்லிவிட்டதால் அதுவும் கணக்கில் வராது. ஆட்டெலும்பு பூனையின் பல்லை உடைக்கும்.

முழுதாக மாற விரும்புபவர்களுக்கு

80 பங்கு தசை, 10 பங்கு எலும்பு, 5 பங்கு ஈரல், 5 பங்கு பிற உள்ளுறுப்பு என்ற ஒரு வாய்ப்பாடு உலகம் முழுக்கச் சுற்றிவருகிறது. வெறும் கறியைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் இதில் வைட்டமின் ஈ, வைட்டமின் டி, மாங்கனீஸ், அயோடின் ஆகியவை குறையும். எலும்புக்குப் பதில் முட்டை ஓட்டுப் பொடி சேர்ப்பவர்கள் உண்டு. நன்றாகக் காயவைத்து மாவாக அரைத்த ஓட்டுப் பொடி ஒரு தேக்கரண்டியில் சுமார் இரண்டு கிராம் கால்சியம் இருக்கும், ஒரு கிலோ எலும்பில்லாத கறிக்கு அது ஏறக்குறையப் போதும். கால்சியத்துக்கு அது விடை. அயோடினுக்கோ வைட்டமின் ஈக்கோ அது விடையல்ல. விலங்கு ஊட்டச்சத்தில் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர் உங்கள் பூனையின் எடைக்கும் வயதுக்கும் எழுதித் தரும் செய்முறை இல்லாமல், பத்தில் ஒரு பங்கைத் தாண்டாதீர்கள். குறைபாடுகள் மாதக்கணக்கில் எந்த அறிகுறியும் காட்டாமல் வளரும். பூனை பளபளவென்று இருக்கிறதே என்பது சான்று ஆகாது.

மருத்துவரிடம் போக நேர்ந்தால்

பூனைக்குக் கறி கொடுப்பதை மறைக்காதீர்கள். திட்டுவார்களோ என்று தயங்கிச் சொல்லாமல் விடுபவர்கள் அதிகம். எந்த விலங்கின் கறி, பச்சையா வெந்ததா, கடைசியாக எப்போது தின்றது, எத்தனை நாள் உறைந்திருந்தது, பூச்சி மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மூச்சுத் திணறல், நடுக்கம், திடீரென்று கண் தெரியாததுபோல் மோதிக்கொள்வது ஆகியவை இருந்து, கடந்த இரண்டு வாரத்தில் பச்சைக் கோழியோ முட்டையோ காய்ச்சாத பாலோ உள்ளே போயிருந்தால், அது பறவைக் காய்ச்சலாக இருக்கலாம் என்பதால் மருத்துவமனைக்குள் நுழையும் முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். மற்ற பூனைகள் காத்திருக்கும் அறைக்குள் கொண்டுபோகாமல் தனியாகப் பார்ப்பதற்கு அவர்கள் ஏற்பாடு செய்வார்கள். பூனையைத் தூக்கும்போது நீங்களும் முகக்கவசமும் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள். மீதமிருக்கும் கறிப் பொட்டலங்களை எறிந்துவிடாமல், தனிப் பையில் கட்டி ஃப்ரீசரிலேயே வையுங்கள், பரிசோதனைக்குக் கேட்கக்கூடும்.